ஐந்து பேணிகளும் அம்மன் நேர்த்தியும்

பிஸ்கட் பேணி வெறுமையாகிவிட்டால் அதை வீசுவதற்கு எனக்கு எப்போதும் மனம் வந்ததில்லை. மூடி இறுக்கமாக இருக்கும். எறும்பு போகாது. சீனி போட்டு வைக்கலாம், ஊசி நூல் போட்டு வைக்கலாம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் செய்ததை ஏதோ பெரிய சதி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான். வீட்டில் ஐந்து பேணிகள் சும்மா கிடந்தன. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

பிள்ளைகளே, அம்மன் கோயில் மதிலில் கல் பதிக்கப் போகிறோம், உங்கள் வீட்டுக்காரர் தோணியில் வைத்த நேர்த்திக்கடனை அதில் பொறிக்கப் போகிறோம், ஒரு சொல்லும் பிழைக்காமல் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். வெயிலில் சோதனைச் சாவடியிலும் நின்று வந்திருப்பீர்கள். இளநீரைக் குடியுங்கள். தாளில் எழுதியதைத் திருத்தலாம், கல்லில் வெட்டியதைத் திருத்துவது கஷ்டம். ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் வளவுக்குள்ளேயே ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். என் அப்பா எதையும் முன்கூட்டியே செய்கிறவர். எனக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கியதுமே அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டார். பேச்சு முறிந்தது. அவர் திரும்பி வரவில்லை. பிறகு இரண்டு பேச்சு வந்து முறிந்தன. கல்லடியில் அந்தக் கல்வீட்டில் நான் ஒருத்தி, முற்றத்துக் கொட்டிலில் அவர்கள் இருவர். உள்ளுக்கு வாருங்கள் அப்பா என்றால், "மாப்பிள்ளை வாற நேரம் நாங்க உள்ளுக்க கிடந்தா என்ன நினைப்பாரு புள்ள?" என்பார். நான் முப்பது தாண்டிவிட்டேன். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆகவே நான் செய்ததெல்லாம் அப்பாவின் முதுகுக்காகச் செய்தது. வினாயகமூர்த்தியின் சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வினாயகமூர்த்தி என் மாமன் மகன். கரடியனாற்றுக்காரர். எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை, புதுநெல் விருந்துக்கென்று நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஷெல் விழத் தொடங்கியது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம். மேற்கே படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்குச் சாமித்தம்பியின் தோணியில் வாவியைக் கடந்தோம். அந்தத் தோணியில் இருந்தவர்கள் சாமித்தம்பி, அவர், அவருடைய தாய் அன்னப்பூரணி மாமி, நான், இரண்டு ஆடு. அன்று வாவி தாம்பாளத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. என்றாலும் அவருக்குத் தலை சுற்றியது. நெல்லுச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கரை தொடும் வரைக்கும் அதற்குள்ளேயே ஓங்காளித்துக்கொண்டு வந்தார். ஒரு சொல் பேசவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் உண்மை.

கரை வந்தபிறகு தாயும் மகனும் எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் தங்கினார்கள். அவர் அரசாங்கத்தில் எழுதுவினைஞர். சிங்களப் பரீட்சை தேறினால்தான் வேலை நிரந்தரம். ஏற்கெனவே எழுதித் தவறியவர். ஞாபகம் என்பது அவருக்கு ஓட்டைக் குடம். காலையில் படித்த சொல் மத்தியானச் சோற்றோடு போய்விடும்.

அந்த நாட்களில்தான் கடையில் பருப்புச் சுற்றித் தந்த காகிதச் சரையில் ஒரு கட்டுரையின் பாதி வந்து சேர்ந்தது. எந்தச் சஞ்சிகையோ தெரியாது. ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடித்த முறை என்று போட்டிருந்தது. படிக்க வேண்டியதைத் துண்டு மட்டைகளில் எழுத வேண்டும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் மறுமொழி. ஐந்து பெட்டி வேண்டும். புது மட்டை முதல் பெட்டிக்குள் கிடக்கும், அதைத் தினமும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் மட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டால் போதும். அதற்கடுத்தது கிழமைக்கு ஒருமுறை. இப்படியே தள்ளித் தள்ளிப் போகும். எந்தப் பெட்டியில் இருந்தாலும் ஒருமுறை தவறினால் மட்டை முதல் பெட்டிக்கே திரும்பி வர வேண்டும். இரக்கம் காட்டக் கூடாது.

இதில் இரண்டு நுட்பம் இருக்கிறது. மறக்கப் போகிற நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். முந்திக் கேட்டால் வீண், பிந்திக் கேட்டால் சொல் போய்விடும். மீன்கறிக்குப் புளி விடுகிற பதம்தான். இரண்டாவது, சொல்லிக் கொடுக்கக் கூடாது, கேட்க வேண்டும். அவனவன் வாயால் வந்ததுதான் அவனவன் தலையில் நிற்கும். கட்டுரையின் கடைசி வரி "எனினும் இம்முறையை ஒருபோதும்" என்று முடிந்திருந்தது. மீதி வேறு யாருடைய பருப்போடு போனதோ தெரியாது. நல்ல விஷயமாகத்தான் இருந்திருக்கும்.

சவர்க்காரப் பெட்டியை வெட்டி மட்டை செய்தேன். பேணிகளை விறாந்தையில் வரிசையாக வைத்தேன். பின்நேரம் ஊரடங்குக்கு முன் அவர் வருவார். ஒவ்வொரு மட்டையாக எடுத்துக் கேட்பேன்.

"தண்ணிக்கு என்ன மச்சான்?"

"வத்துர."

"சோத்துக்கு?"

"அதுவும் வத்துர... இல்லகா, பொறு பொறு, வாயில இரிக்கி."

"வாயில சோறு இரிக்கலாம் மச்சான். சொல் தலையிலதான் இரிக்க வேணும். முதல் பேணி."

அப்போதுதான் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

முறை வேலை செய்தது. அதுதான் பிழையாகப் போயிற்று. ஒரு பருவத்துக்குள் அவருடைய சொற்கள் எல்லாம் பின்பேணிகளுக்கு நகர்ந்துவிட்டன. தேறிவிட்டால் அவர் எங்கள் விறாந்தைக்கு வரக் காரணமில்லை என்பது ஒருநாள் மட்டைகளை அடுக்கும்போது எனக்குத் தெரிந்தது. ஆகவே சரியாகப் பிடிபடாத சொற்களை, பிடிபட்டது போல, ஐந்தாவது பேணிக்குள் போட்டேன். அது மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் பேணி. சொற்கள் உள்ளே அமைதியாகச் செத்துப்போயின. அவருக்கு ஒரு வலியும் இல்லை. அந்த முறையும் அவர் தேறவில்லை. நான் அவருக்குப் பால்சோறு செய்து கொடுத்தேன்.

இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். ஆனால் அன்னப்பூரணி மாமி பனிச்சங்கேணியில் பெண் பார்த்துவிட்டார். தங்கராசா என்பவருடைய மகள், பெயர் இரத்தினம்மா. வயலும் உண்டு, வாவிக்கரை வளவும் உண்டு. வைகாசிச் சடங்கு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. வினாயகமூர்த்தி வந்து சொல்லிவிட்டு, "நல்ல இடமாம்" என்றார். பிறகு மட்டைக்குக் கையை நீட்டினார். நான் மட்டையைக் கொடுத்தேன். சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை. கேள்விகளோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதை மட்டையில் எழுதவில்லை.

"மச்சான், அண்டைக்குத் தோணியில கண்ணகை அம்மனுக்கு என்ன நேர்ந்தீங்க?"

"நானா? ஒண்டும் நேரல்லியே."

"சரி, விடுங்க."

முதல் பேணி. மறுநாள் திரும்பக் கேட்டேன்.

"நான் எங்ககா நேர்ந்தன்? சாக்குக்குள்ளயெல்லோ கிடந்தன்."

"ஓம், சாக்குக்குள்ள இருந்துதான். சரி, விடுங்க."

முதல் பேணி. இப்படிச் சில நாள். பயந்த நேரத்தில் என்ன சொன்னோம் என்று யாருக்குத்தான் தெரியும்? நீங்கள் கடைசியாகப் பதுங்கு குழிக்குள் இறங்கியபோது யாரைக் கூப்பிட்டீர்கள் என்று இப்போது கேட்டால் உங்களுக்கும் தெரியாது. அந்த இடம் காலியாக இருந்தது. நான் அதைக் கூட்டித் துடைத்து ஒரு கேள்வியை வைத்தேன். மறுமொழியை அவரே கொண்டுவந்தார்.

"அம்மாளே எண்டு கூப்பிட்டிருப்பன் போல" என்றார் ஒருநாள். இரண்டாம் பேணி.

"கரைசேத்துவிடு தாயே எண்டு சொன்னநான். அது மெய்." மூன்றாம் பேணி. ஒரு கிழமை கேட்காமல் விட்டேன். கைகள் துறுதுறுத்தன, என்றாலும் விட்டேன். முறை என்றால் முறை.

கிழமை முடிந்து கேட்டேன். "கரைசேத்தா என்ன செய்யிறன் எண்டீங்க மச்சான்?"

"கூட இருக்கிறவளைக் கைவிடமாட்டன் எண்டு" என்று மெல்லச் சொன்னார். "அயத்துப் போயிட்டன், சீதேவி. எப்பிடி இத மறந்து போனன்?"

பாவமாக இருந்தது. நான்காம் பேணி.

அம்மனுக்கு நேர்ந்ததை மீறினால் அம்மை வரும் என்று பயந்தே வளர்ந்தவர். உடனே போய்த் தாயிடம் சொன்னார். மாமி எங்கள் படலையில் நின்று கத்திய கத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. "சாக்குக்குள்ள சத்தியெடுத்தவன் சத்தியம் செய்தானாம்! நான் பக்கத்திலதானே இருந்தன்!" என்றார்.

அது நியாயமான பேச்சு. தோணியில் ஆட்டைத் தவிர்த்து நான்கு பேர் இருந்தோம். இருவர் சரி. மற்ற இருவருக்கும் இனிமேல்தான் மட்டை போட வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

தோணிக்காரர் சாமித்தம்பி இலேசான மட்டை. கரைக்கு மீன் வாங்கப் போகிற சாக்கில் கேட்பேன். "அண்ணே, அம்மன் பேரைச் சொன்ன உடனே தோணி தானா ஓடினதெல்லோ?" தன் தோணியைப் பற்றி யார் நல்லது சொன்னாலும் அவருக்கு நினைவு வரும். இரண்டே முறையில் மூன்றாம் பேணிக்குப் போனார். பிறகு நான் கேட்காமலே ஏறுகிற இறங்குகிற எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார். துடுப்பு வலிக்காமலே, சவளைத் தொடாமலே கரை வந்ததாம். சவளைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

மாமி கடினமான மட்டை. எந்த மட்டைக் கட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். எத்தனை முறை கேட்டாலும் முதல் பேணிக்கே திரும்பி வரும். அப்படிப்பட்ட மட்டையோடு மல்லுக்கட்டாதே, கேள்வியை மாற்றி எழுது என்று சரையில் போட்டிருந்தது. நான் கேள்வியை மாற்றினேன்.

"மாமி, மச்சானுக்குச் சொல்லே வரல்ல. நீங்கதானே அண்டைக்கு, நேர் மகனே, அம்மாளுக்கு நேர் எண்டு சொல்லிக் கொடுத்தீங்க?"

மாமி உலக்கையை நிறுத்தினார். "பின்ன? அவனுக்கு என்ன தெரியும்? நான்தான் சொன்னன்" என்றார்.

ஒரே கேள்வி. முதல் பேணியிலிருந்து நேரே ஐந்தாம் பேணி. அப்படித் தாவியதை அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

காத்தான்குடியிலிருந்து கைறுன்னிஸா புடவை மூட்டையோடு கிழமைக்கு ஒருமுறை எங்கள் ஒழுங்கைக்கு வருவார். நான் அவரை ஒரு பேணியிலும் போடவில்லை, அம்மாவாணை. விறாந்தையில் மூட்டையை அவிழ்க்கும்போது நடந்த பேச்சுகளைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் கிழமைக்கு ஒருமுறை என்பது சரியான இடைவெளி. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பனிச்சங்கேணித் தங்கராசா சும்மா விடவில்லை. கோயிலை நடத்துகிற வண்ணக்கரிடம் முறையிட்டார். ஒரு வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் விசாரணை. அவர் மகள் இரத்தினம்மாவையும் கூட்டிவந்திருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் குனிந்தபடி இருந்தேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாமித்தம்பி தோணி தானாக ஓடியதைச் சொன்னார். மாமி தான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். வினாயகமூர்த்தி எழுந்து கைகூப்பி, கண்ணீரோடு நேர்த்தியைச் சொன்னார். தங்கராசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது ஒரு குடும்பமும் அவங்கட தோணிக்காரரும் சேர்ந்து பேசிற பேச்சு. வெளியாள் ஒருத்தர் சொல்லட்டும், நான் எழும்பிப் போறன்" என்றார்.

அப்போது வாசலுக்கு வெளியே வேம்பின் கீழ் புடவை மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டு, "நான் சொல்றன்" என்றார் கைறுன்னிஸா. "நானும் அந்தத் தோணியிலதான் வந்த."

பிள்ளைகளே, கைறுன்னிஸா அந்தத் தோணியில் இல்லை. அன்று அவர் காத்தான்குடியில் தன் வீட்டுத் தறியில் இருந்தார். சாமித்தம்பியைப் பார்த்தேன். அவர் "ஓமோம், மூட்டையோட முன்னுக்கு இருந்தாங்க" என்று தலையாட்டினார்.

"தலை சாக்குக்குள்ளயாமே? நீங்க எப்பிடிக் கேட்டநீங்க?" என்றார் தங்கராசா.

"தலைதானே தம்பி சாக்குக்குள்ள? அந்தச் சாக்குக்குள்ளதானே வாயும் இரிந்த? அல்லாஹ் அறிய நான் கேட்டன். எங்கட கரச்சலுக்குள்ளயும் ஒரு ஆம்புள ஒரு பொம்புளய நினைச்சி அழுதாரு. நான் அத எப்பிடி மறக்கிற?"

வண்ணக்கர் கண்ணைத் துடைத்தார். இரத்தினம்மா மட்டும் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தபடி தகப்பனிடம், "ஆரையும் கெஞ்ச வேணாம், எழும்புங்க அப்பா. சாக்குக்குள்ள இருந்து கலியாணம் பேசிற ஆம்புள எனக்கு என்னத்துக்கு? அவளே தலையக் கழுவி வெச்சிக் கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கெட்டிக்காரி. பிறகு நல்ல இடத்தில் வாழ்ந்தாள். அவளுக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லை, நேரத்தோடு காப்பாற்றினேன் என்றே சொல்லலாம்.

கல்யாணம் நடந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அதே கொட்டிலில்தான் இருந்தார். மாப்பிள்ளை வந்தால் தாய் தகப்பன் கொட்டிலில் இருப்பதுதானே வழக்கம். அப்பாவின் முதுகுக்காக இத்தனையும் செய்யும்போது இந்த ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

இதுதான் நடந்தது. பொய் நேர்த்தி. பிழையான மட்டையைப் பின்பேணியில் போட்டது நான், இல்லாத கேள்வியைக் கேட்டது நான், ஒரு ஊருக்கே நினைவு நட்டது நான். இப்போது பெண்பிள்ளைகள் சாமித்தம்பியின் தோணியில் வரிசையாக ஏறி நேர்கிறார்களாம். ஒரு சிலருக்கு நிறைவேறியும் விட்டதாம். அது என் பொறுப்பல்ல.

கல் வெட்டும் கதை காதில் விழுந்ததும் உங்களுக்கு முன்பே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அயத்துப் போயிட்டியா, சீதேவி?" என்றார்.

"இல்லங்க. நீங்க நேரவேயில்ல. வந்த வழி முழுக்கச் சாக்கத்தான் புடிச்சிக்கிட்டுக் கிடந்தீங்க."

"ஒரு கையால சாக்கு. மத்தக் கையால?"

எனக்கு மறுமொழி தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. "சரி, விடு" என்றார். மறுநாள் திரும்பக் கேட்டார். தெரியாது என்றேன். பிறகு ஒருநாள் விட்டுக் கேட்டார். பிறகு ஒரு கிழமை கேட்கவில்லை. ஐந்து பேணிக்கும் முன்னால் அத்தனை பின்நேரங்கள் உட்கார்ந்து எழும்பியவர், இடைவெளியெல்லாம் சரியாகத்தான் விட்டார். சிங்களம்தான் அவருக்கு ஏறவில்லை.

முந்தாநாள் கேட்டபோது நான் யோசிக்காமலே மறுமொழி சொன்னேன்.

ஆகவே கல்லில் வெட்டுவதானால் உண்மையை வெட்டுங்கள், பிள்ளைகளே. அவர் நேரவில்லை. வாய் திறக்கவில்லை. மற்றக் கையால் என் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கை வேர்த்துப் போயிருந்தது, சாக்குத் தூசி ஒட்டி நறநறவென்று இருந்தது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, எனக்கே நல்ல நினைவிருக்கிறது.